கையறுநிலையும் ஒரு விசாரணை அறிக்கையும்

2020-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் ஒரு கூடைப்பந்தாட்டம் தொடங்குகிறது. பந்து டொராண்டோ அணியினரிடம் இருக்கிறது. ஆட்ட விதிப்படி, பந்தைப் பெற்ற அணி 24 வினாடிகளுக்குள் அதை வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆனால் பந்தை வைத்திருந்த வீரர் அதைத் தரையில் மெல்லத் தட்டியபடி நின்றுகொண்டேயிருந்தார். எதிரணியினரும் பறிக்க வரவில்லை. கடிகாரம் ஒவ்வொரு வினாடியாகக் குறைந்து முடிந்தது. நடுவரின் ஊதல் ஒலித்தது. பந்து கைமாறியது. சான் அன்டோனியோ அணியினரும் அவ்வாறே 24 வினாடிகளை வீணாக்கினர். அரங்கம் எழுந்து நின்று ஒரு பெயரை உச்சரித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெயர் கோபி பிரையன்ட். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்காக 1996 முதல் 2016 வரை இருபது பருவங்கள் ஆடியவர். ஐந்து முறை வாகை சூடிய அணியின் தூண். முதலில் 8, பின்னர் 24 என்பன அவர் சட்டையில் இருந்த எண்கள். அன்று காலைதான் தமது நாற்பத்தொன்றாம் வயதில் ஒரு ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்திருந்தார். அவருடைய பதின்மூன்று வயது மகள் ஜியானாவும் உடன் மாண்டாள். வேறு அரங்குகளில் வேறு அணிகள், எட்டு வினாடிகளுக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும் என்னும் விதியை வேண்டுமென்றே மீறி, பழைய எண்ணுக்கும் மரியாதை செய்தன.

இந்த மரணத்தையொட்டி எழுந்த புகழுரைகள், பாடல்கள், சுவரோவியங்கள், தலையங்கங்கள் ஆகியவற்றில் என் பார்வைக்கு எட்டியவற்றுள், சொல்லேயில்லாத இந்தச் சடங்கையே மிகச் சிறந்த இரங்கற்பா என்று கருதுகிறேன். ஓர் ஆட்டத்தின் இலக்கணத்துக்குள்ளேயே நின்று, அந்த இலக்கணத்தை உடைத்து, ஓர் இழப்பைச் சொல்லிவிட்டார்கள். எறிய வேண்டிய பந்தை எறியாமல் நின்றார்கள். இவ்வாறு நின்றது ஏன் என் மனத்தைத் தைத்தது என்பது, அந்த விபத்தின் விசாரணை அறிக்கையை வாசித்த பிறகே எனக்கு விளங்கியது. ஓராண்டுக்குப் பின் வெளிவந்த அந்த அறிக்கையையும் அதற்கு முன் பெருகிய புலம்பலையும் அருகருகே வைத்து வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் இலக்கண மரபு புலம்பலுக்கு நுட்பமான பெயர்களை வகுத்துள்ளது. தொல்காப்பியர் காஞ்சித்திணையில் கையறுநிலையையும் மன்னைக் காஞ்சியையும் வைக்கிறார். இறந்தோரை நினைந்து, எஞ்சியோர் செய்வதறியாது கலங்குவது கையறுநிலை. இத்தன்மையன் ஒருவன் இருந்தான், இனி இல்லை என்று இரங்குவது மன்னை. இவ்விரண்டிலும் இல்லாத ஒன்று உண்டு. அது ‘ஏன் இறந்தான்’ என்னும் கேள்வி. புறநானூற்றுப் புலவனுக்கு அக்கேள்வி எழவில்லை. போரில் விழுந்தவனின் மரணம் தன் காரணத்தைத் தானே சொல்லிவிடுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் புலம்பலும் தொடக்கத்தில் இந்த மரபிலேதான் ஓடியது. நகரின் மைய அரங்குக்கு எதிரே இருந்த திறந்தவெளியில் மக்கள் மலர்களையும் மெழுகுவர்த்திகளையும் காலணிகளையும் கொண்டுவந்து குவித்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடைப்பந்துகள் அங்கே சேர்ந்தன. ஜனவரி 31 அன்று விபத்துக்குப் பின் முதன்முறையாக லேக்கர்ஸ் அணி களம் இறங்கியபோது, அணித்தலைவர் லெப்ரான் ஜேம்ஸ் எழுதி வைத்திருந்த உரைத்தாளைக் கீழே எறிந்துவிட்டு, நெஞ்சில் வந்ததைப் பேசினார். பிப்ரவரி 24 அன்று அதே அரங்கில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் கூடி நினைவஞ்சலி செலுத்தினர். அந்த நாளே தேர்ந்தெடுக்கப்பட்ட நாள்: இரண்டாம் மாதம், இருபத்து நான்காம் தேதி; 2 மகளின் சட்டை எண், 24 தந்தையின் எண். எண்களைக் கொண்டு துக்கத்துக்கு ஒழுங்கு தேடும் மனித இயல்பை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. நாமும் ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று எண்ணித்தான் மரித்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம்.

அந்தப் புலம்பலின் உள்ளடக்கத்தைக் கூர்ந்து நோக்கினால், அதன் மையத்தில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்: மாம்பா. ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் கொடிய பாம்பின் பெயர். பிரையன்ட் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட மறுபெயர். ‘மாம்பா மனநிலை’ என்று ஒரு கொள்கையையே அவர் உருவாக்கினார். 2018-இல் அதே தலைப்பில் ஒரு நூலும் வெளியிட்டார். விடியுமுன் எழுந்து பயிற்சி செய்வது, வலியைப் பொருட்படுத்தாமை, எதிராளி ஓய்ந்தபின்னும் ஓயாமை, தொடங்கியதை முடித்தே தீர்வது ஆகியன அதன் கூறுகள். 2013 ஏப்ரலில் குதிகால் தசைநாண் அறுந்த நிலையிலும் இரண்டு தனியெறிகளை எறிந்து புள்ளி பெற்ற பிறகே அவர் களத்தைவிட்டு நடந்து வெளியேறினார். இந்நிகழ்ச்சியை நினைவுகூராத அஞ்சலி அரிது. ‘பின்வாங்காதவன்’ என்பதே அவருக்கு எழுப்பப்பட்ட நடுகல்லின் வாசகம்.

தமிழ் வாசகனுக்கு இந்த வாசகம் புதிதன்று. புறமுதுகு காட்டாமையைவிடப் பெரிய புகழ் நம் வீரயுகத்துக்கு இருந்ததில்லை. மார்பில் பாய்ந்த வேல் முதுகில் புறப்பட்டதற்காகவே நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனை நாம் இன்றும் வகுப்பறைகளில் வியந்து கற்பிக்கிறோம். ஆகவே லாஸ் ஏஞ்சல்ஸ் மக்களின் வீரவணக்கத்தை மேலைநாட்டுக் கேளிக்கை மயக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அது நம் வீட்டிலும் உள்ள நோய். அல்லது நம் வீட்டிலும் உள்ள மாண்பு. எது என்பதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

இனி அந்த அறிக்கை. அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2021 பிப்ரவரி 9 அன்று கூடித் தன் முடிவுகளை ஏற்றது. அதன் உரைநடையில் அணி இல்லை, உணர்ச்சி இல்லை. எவரையும் வீரர் என்றோ வில்லன் என்றோ அது அழைப்பதில்லை. ஆயினும் இந்த மரணத்தைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றிலும் என்னை அதிகம் கலங்க வைத்தது இதுவே.

நடந்தது இதுதான். ஒன்பது மணியைச் சற்றுக் கடந்த வேளையில் சாண்டா ஆனாவிலிருந்து சிகோர்ஸ்கி எஸ்-76பி வகை ஹெலிகாப்டர் புறப்பட்டது. அதில் ஒன்பது பேர் இருந்தனர்: பிரையன்ட், அவர் மகள், அவளுடைய அணித்தோழியர் இருவர், அவ்விருவருள் ஒருத்தியின் தாய், மற்றொருத்தியின் தாயும் தந்தையும், அணியின் துணைப் பயிற்றுநர் ஒருவர், விமானி. சிறுமியர் அணியின் ஆட்டம் ஒன்றுக்காக அவர்கள் கமாரில்லோ விமான நிலையம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மூடுபனி அடர்ந்த காலை அது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல்துறை தன் ஹெலிகாப்டர்களைப் பறக்கவிடாமல் நிறுத்தி வைத்திருந்தது. விமானி விதிகளுக்கு உட்பட்டுச் சிறப்பு அனுமதி பெற்றார்; பிற விமானங்களுக்கு வழிவிட்டு கிளென்டேல் அருகே பத்து நிமிடங்களுக்கு மேல் வட்டமிட்டுக் காத்திருந்தார்; பின்னர் நெடுஞ்சாலையைக் கீழே கண்ணால் தொடர்ந்து மேற்கே சென்றார். கலபாசஸ் பகுதியில் தரை உயர்ந்தது, முகில் தாழ்ந்தது. முகிலுக்கு மேலே போய்விடலாம் என்று எண்ணி ஹெலிகாப்டரை உயர்த்தினார். அங்கே கண்ணுக்கு அடையாளம் எதுவும் இல்லாமல் போயிற்று.

கண் பார்வையற்றுப்போன வேளையில் மனிதனுக்குத் திசையுணர்வு தருவது உட்செவியில் உள்ள நுண்ணிய திரவம். திருப்பம் சிறிது நேரம் நீடித்தால் அந்தத் திரவம் அமைதியடைந்துவிடும். திரும்பிக்கொண்டிருக்கும் உடல், நேராகச் செல்வதாகவே உணரும். இறங்குவது ஏறுவதாகத் தோன்றும். அவ்வேளையில் தன் உடல் சொல்வதை நம்பாமல் கருவிகள் காட்டுவதை நம்ப வேண்டும். சொல்வது எளிது, பயிற்சி பெற்ற விமானியர் பலரும் இதில் தோற்றிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் நம் குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதியின் ஹெலிகாப்டர் விழுந்தபோதும், முகிலுக்குள் நுழைந்து திசை மயங்கியதையே இந்திய விமானப்படையின் விசாரணை காரணமாகச் சொன்னது. கலபாசஸ் விமானி 8,500 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். தம் நிறுவனத்தின் தலைமை விமானி. கட்டுப்பாட்டாளர் கேட்டபோது, 4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருப்பதாக அவர் தெரிவித்தார். உண்மையில் ஹெலிகாப்டர் அந்த நேரத்தில் இடப்புறம் சரிந்து, வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஏறுவதாகவே அவர் உணர்ந்தார். சில நொடிகளில் மலைச்சரிவில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

இயந்திரங்களில் பழுது எதுவும் கண்டறியப்படவில்லை. அப்படியாயின் அத்தனை அனுபவமுள்ளவர் ஏன் முகிலுக்குள் நுழைந்தார்? சற்றுப் பின்னால் வான் நைஸ் விமான நிலையம் இருந்தது, திரும்பிப்போய் இறங்கியிருக்கலாம். இக்கேள்விக்கு அறிக்கை தரும் விடையில் இரண்டு கூறுகளை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். ஒன்று, விமானி தமக்குத்தாமே ஏற்படுத்திக்கொண்ட நெருக்குதல். மற்றொன்று, மேற்கொண்ட திட்டத்தைக் கைவிட ஒப்பாத மனச்சாய்வு. சேருமிடம் நெருங்க நெருங்க அது வலுப்பெறும் என்கிறது அறிக்கை. பிரையன்டோ பயணத்தை ஏற்பாடு செய்தவர்களோ நிறுவனமோ விமானியை வற்புறுத்தியதற்குச் சான்று இல்லை. எவரும் ‘போ’ என்று கட்டளையிடவில்லை. அவர் பிரையன்டை அடிக்கடி அழைத்துச் சென்றவர். அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற்றவர். அந்த நட்புக்குரியவரைப் பாதிவழியில் இறக்கிவிட அவருக்கு மனம் வரவில்லை என்றே ஊகிக்க வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் மேற்பார்வைக் குறையையும் அறிக்கை பங்களித்த காரணமாகக் குறிக்கிறது. பயணத்தின் அபாயத்தை மதிப்பிடும் படிவம் ஒன்று உண்டு. காலையில் அதை நிரப்பிய விமானி, புறப்படுமுன் மாறியிருந்த வானிலைக்கேற்பத் திருத்தியிருந்தால், மேலாளரைக் கலந்து, மாற்றுத் திட்டம் ஒன்றையும் எழுதியிருக்க வேண்டியிருக்கும். ஒரு காகிதத்தில் எழுதப்படாத ‘முடியாவிட்டால்’ என்னும் ஒரு வரி! அந்த வரி இல்லாமல் ஒன்பது பேர் பறந்தார்கள்.

இங்கேதான் புலம்பலும் அறிக்கையும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கின்றன. புலம்பல் எதைப் புகழ்கிறதோ, அதையே அறிக்கை காரணமாகச் சுட்டுகிறது. தொடங்கியதை முடித்தே தீரும் உறுதி களத்தில் வெற்றி. முகிலுக்குள் அதுவே மரணம். பின்வாங்காமையைப் பாடிய இருபதாயிரம் குரல்களில் எவருடையதும், அந்தக் காலையில் தேவைப்பட்டது பின்வாங்கும் துணிவே என்று சொல்லவில்லை. அஞ்சலி நாளில் அறிக்கை வந்திருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வந்த பின்னும் சுவரோவியங்களின் வாசகம் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. நான் இங்கே இறந்தவர்மேல் குற்றம் சாட்டவில்லை. பயணியின் இருக்கையில் மகளோடு அமர்ந்திருந்த தந்தை அவர். என் குறை புலம்பலின் மேல்தான். ஒரு மனிதரை ஏமாற்றத்துக்கு உள்ளாக்கவே கூடாதவராக உயர்த்தி வைக்கும் சமூகம், அவரைச் சுற்றி வேலைசெய்யும் ஒவ்வொருவர் தோளிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுமையை ஏற்றுகிறது. ஓட்டுநர், மருத்துவர், மெய்க்காவலர், விமானி எல்லாரும் அவரிடம் ‘இன்று இயலாது, ஐயா’ என்று சொல்லத் தயங்குவார்கள். அவர் கேட்டிருந்தால் உடனே ஒப்புக்கொண்டிருப்பார் என்றாலும் தயங்குவார்கள். அந்த விமானியும் ஒருவகையில் இரசிகர்தாம். அவர் அன்பு மேலும் சில கிலோமீட்டர் போக முயன்றது.

பிப்ரவரி 24 அஞ்சலியில் பேசியோர் பலர். மைக்கேல் ஜோர்டன் வெளிப்படையாக அழுதார். தம் அழுகை முகம் மீண்டும் கேலிப்படமாகச் சுற்றும் என்று தம்மையே நொந்து நகைத்தார். ஆயினும் இலக்கியத் தரம் என்று நோக்கினால், கைம்பெண்ணான வனேசா பிரையன்டின் உரைக்கே முதலிடம் தருவேன். முதலில் மகளைப் பற்றிப் பேசிய பின்னரே அவர் கணவரிடம் வந்தார். உலகம் போற்றும் வீரரை அவர் வரிசையில் இரண்டாவதாக நிறுத்தினார். சொன்னவையெல்லாம் சிறு சிறு செய்திகள்: மகள் சமையலறையில் இனிப்புப் பண்டம் சுடுவது, காலையும் இரவும் தாயை முத்தமிடுவது. கையறுநிலையில் பெரும்புகழ் எப்போதும் ஒரே குரலில் ஒலிக்கும். சிறு செய்திதான் இறந்தவரை இன்னார் என்று காட்டும். அவ்வுரையில், தந்தையும் மகளும் ஒருவரையொருவர் பிரிந்து இவ்வுலகில் இருக்க இயலாது என்பதறிந்தே கடவுள் இருவரையும் சேர்த்து அழைத்துக்கொண்டார் என்ற கருத்தையும் அவர் கூறினார்.

இந்தக் கருத்தை இறையியல் தராசில் நிறுக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு தாயின் வாயில் அது அலறல், விளக்கம் அன்று. ஆனால் பிறர் அதைக் கடன் வாங்கி விளக்கமாக்கும்போது நாம் விழிப்பாயிருக்க வேண்டும். அவ்வாறு ஆக்கியோர் பலர். இதில் நம் கத்தோலிக்க எழுத்தாளர்களும் விலக்கல்லர். விபத்தன்று காலை பிரையன்ட் நியூபோர்ட் பீச்சிலுள்ள தம் பங்கு ஆலயத்துக்குச் சென்று செபித்தார். அவர் வெளியேறியபோது வாயிலில் சந்தித்த பங்குத்தந்தை, அவருடைய நெற்றியில் புனித நீரின் ஈரத்தைக் கண்டதாகப் பின்னர் கூறினார். அழகான, ஆறுதலான செய்தி. ஆனால் அதையே ஒரு கதையின் முடிச்சாக்கி, இறைவன் அவரை ஆயத்தப்படுத்தி அழைத்துக்கொண்டார் என்று எழுதினால், அப்பேழையிலிருந்த மற்ற எட்டுப் பேரின் காலையை என்ன செய்வது? எந்த நீரும் நெற்றியில் படாமல் புறப்பட்டவர்களுக்கு இறைவனின் ஏற்பாடு வேறா?

சீலோவாமில் கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை லூக்கா நமக்குத் தருகிறார். மாண்டோர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்னும் எண்ணத்தை ஆண்டவர் அங்கே நேரடியாக மறுக்கிறார். அவர்களுடைய சாவுக்குள் விண்ணகத்தின் மறைவான திட்டம் எதையும் அவர் வாசித்துக் காட்டுவதில்லை. கேட்டவர்களைத்தான் மனமாற்றத்துக்கு அழைக்கிறார். கோபுரத்தை யார் கட்டினார், சுண்ணாம்பு சரியாக இருந்ததா என்று கேட்பதை அந்தப் பகுதி தடுக்கவில்லை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

வனேசா பிரையன்ட் மறக்கவில்லை. அரங்கில் கடவுள் அழைத்துக்கொண்டார் என்று பேசிய அதே பிப்ரவரி 24 அன்று, ஹெலிகாப்டர் நிறுவனத்தின்மேல் அவர் தொடுத்த வழக்கும் நீதிமன்றத்தில் பதிவாயிற்று. அந்த மூடுபனியில் ஏன் பறந்தீர்கள் என்பதே அதன் சாரம். இதை முரண்பாடு என்று ஏளனம் செய்தோர் உண்டு. எனக்கோ, இந்த நிகழ்ச்சியில் முழு மனிதராக எனக்குத் தென்பட்டவர் அவர் ஒருவரே. கையறுநிலையும் கேள்வியும் ஒரே நாளில் ஒரே நெஞ்சில் இருந்தன. ஒன்று மற்றொன்றை ஊமையாக்கவில்லை.

மற்றொரு கேள்வியை ஊமையாக்க முயன்றோர் வெற்றியே பெற்றுவிட்டார்கள் எனலாம். 2003-இல் கொலராடோ மாநிலத்து விடுதி ஒன்றின் இளம் பெண் ஊழியர் பிரையன்ட் மேல் பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டினார். அப்பெண் சாட்சியம் அளிக்க முன்வராததால் 2004-இல் குற்றவியல் வழக்கு கைவிடப்பட்டது. உரிமையியல் வழக்கு 2005-இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. தாம் அதை இருவர் ஒப்புதலோடு நிகழ்ந்ததாகக் கருதியபோதும், அவர் அவ்வாறு கருதவில்லை என்பதை உணர்வதாகக் கூறி, பிரையன்ட் பொது மன்னிப்பு அறிக்கை ஒன்றை வெளியிட்டார். ‘மாம்பா’ என்னும் மறுபெயரே அந்தக் கொந்தளிப்பான காலத்தில் தம்மைக் காத்துக்கொள்ளத் தாம் புனைந்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆக, கூட்டம் வாழ்த்திய பெயருக்குள்ளேயே அந்த வரலாறு இருக்கிறது. விபத்து நடந்த சில மணி நேரத்தில் இவ்வழக்கைப் பற்றிய பழைய கட்டுரை ஒன்றைச் சமூக ஊடகத்தில் சுட்டிய வாஷிங்டன் போஸ்ட் பெண் நிருபர் கொலை மிரட்டல்களுக்கு ஆளானார். அவரது நாளிதழே அவரைப் பணியிலிருந்து தற்காலிகமாக விலக்கியது. சக ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டு எதிர்த்த பிறகே மீண்டும் சேர்த்துக்கொண்டது.

சாவு வீட்டில் கணக்குக் கேட்பது பண்பா என்று வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் அது சாவு வீடாக மட்டும் இருந்ததா? அந்த முதல் மணி நேரத்திலேயே ஊடகங்கள் அவரைப் புனிதராக்கத் தொடங்கிவிட்டன. நம் திருச்சபையோ, ஒருவரைப் புனிதராக அறிவிக்கும் முயற்சியைத் தொடங்கவே பொதுவாக இறந்து ஐந்தாண்டுகள் கழிய வேண்டும் என்கிறது. எதிர்வாதங்களை எழுப்புவதற்கென்றே ‘அலகையின் வழக்கறிஞர்’ என்று மக்கள் கேலியாக அழைத்த ஓர் அலுவலர் நூற்றாண்டுகளாக இருந்தார். 1983-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் அவர் பணி சுருங்கியது. கேள்வி கேட்கும் கடமை மறையவில்லை. மனந்திரும்புதலில் நம்பிக்கையுள்ளோர், திருந்துவதற்கு ஏதோ ஒன்று இருந்தது என்பதை மறைக்க வேண்டிய தேவையில்லை. அந்த இருண்ட நாள்களில் குரு ஒருவரிடம் பேசியது தமக்குத் திருப்புமுனையாக அமைந்தது என்று பிரையன்ட் கூறியதை நம் இதழ்கள் பெருமையோடு எடுத்தாண்டன. எந்த நாள்கள் அவை, அந்த நாள்களில் காயப்பட்ட மற்றொருவர் யார் என்பதைச் சொல்லாமல் தாண்டிச் சென்றன.

துக்கத்தின் பெயரால் நடந்த இழிசெயல் ஒன்றையும் சுருக்கமாகக் குறித்துவிட வேண்டும். விபத்து நடந்த இடத்துக்குச் சென்ற மாவட்டக் காவலரும் தீயணைப்புத் துறையினரும் சிலர், சிதைந்த உடல்களைத் தம் கைப்பேசிகளில் படம் எடுத்துப் பகிர்ந்தனர். மதுக்கூடம் ஒன்றில்கூட அப்படங்கள் காட்டப்பட்டன. கலிபோர்னியா மாநிலம் இதைக் குற்றமாக்கி 2020-இலேயே சட்டம் இயற்றியது. 2022 ஆகஸ்ட் 24 அன்று நடுவர் குழு, வனேசா பிரையன்டுக்கு 1 கோடியே 60 இலட்சம் டாலரும், மனைவியையும் மகளையும் இழந்த மற்றொருவருக்கு 1 கோடியே 50 இலட்சம் டாலரும் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. படம் எடுத்தோரை அரக்கர்கள் என்று சொல்லி நகர்ந்துவிட எனக்குத் தயக்கம். புகழ்பெற்ற உடலின் ஒரு துண்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆசை, திறந்தவெளியில் மலரோடு நின்றவரின் கைப்பேசியிலும் ஏதோ ஓர் அளவில் இருந்தது.

இறுதியாக, பிரையன்ட் தாமே எழுதிய ஒன்று. 2015 நவம்பரில், தாம் ஓய்வு பெறப்போவதை அவர் ஒரு கவிதையாக வெளியிட்டார். கூடைப்பந்துக்கு எழுதிய காதல் கடிதம் அது. கிளென் கீன் வரைந்து இயக்க, ஜான் வில்லியம்ஸ் இசையமைக்க, 2017-இல் அது குறும்படமாகி, மறு ஆண்டு ஆஸ்கர் விருதும் பெற்றது. கவிதை என்ற அளவில் எளியது. சில இடங்களில் மிகை உண்டு. ஆனால் அதன் கருப்பொருளை அஞ்சலி செலுத்தியவர்கள் போதிய அளவு வாசிக்கவில்லை என்பது என் எண்ணம். அது நிறுத்துவதைப் பற்றிய கவிதை. மனம் இன்னும் ஆடத் தயார், உடல் விடைபெறச் சொல்கிறது, நான் உடலின் சொல்லைக் கேட்கிறேன் என்பதே அதன் பொருள். ‘மாம்பா மனநிலை’ நூலில் இல்லாத அடக்கம் இங்கே இருக்கிறது. பின்வாங்காதவர் என்று பாடப்பட்டவர், பின்வாங்குவதைத் தம் கையால் எழுதி, அதற்கு நன்றியும் சொல்லியிருக்கிறார்.

ஹெலிகாப்டரை அவர் நாடிய காரணத்தையும் இங்கே நினைவுகூரலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் சாலை நெரிசலில் சிக்கி, மகளின் பள்ளி நிகழ்ச்சிக்குப் போக முடியாமல் போனதாம். பிள்ளைகளோடு கழிக்கும் நேரத்தை இழக்காமல் பயிற்சிக்கும் போய்வர ஒரு வழி தேடியபோதுதான் வானூர்தி வந்தது என்று 2018-இல் ஒரு நேர்காணலில் சொன்னார். நேரத்தை மிச்சப்படுத்த வந்த ஊர்தி. சான் அன்டோனியோவில் அவருக்காக வீரர்கள் செய்ததோ, கையிலிருந்த நேரத்தைச் செலவழியாமல் கரைய விட்டது.

அந்தக் குறும்படம் ஒரு சிறுவனோடு தொடங்கி அதே சிறுவனோடு முடிகிறது. தந்தையின் காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கி, அறை மூலையிலிருக்கும் கூடைக்குள் எறிய அவன் ஆயத்தமாகிறான். கற்பனைக் கடிகாரத்தில் ஐந்து வினாடிகள் மிச்சம் இருக்கின்றன. அவன் எண்ணத் தொடங்குகிறான்.